மாலை போட்ட வீட்டு மாத்திரை

டிசம்பர் 16, செவ்வாய்

அப்பா இன்று மாலை போட்டுக்கொண்டார். மார்கழி முதல் தேதி. நான்கு மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்து, பச்சை வேட்டி கட்டி, முருகன் கோயிலில் குருசாமி கையால் மாலை வாங்கினார். இன்றிலிருந்து நாற்பத்தெட்டாவது நாள் தைப்பூசம். அதற்கு நான்கு நாள் முன்னால் மணப்பாறையிலிருந்து நடக்கத் தொடங்கி, பூசத்தன்று பழனி மலை ஏறுவார்கள்.

மாலை போட்டவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக் கூடாது. சாமி என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அது வரவே இல்லை. "ஏங்க" என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாமி, காப்பி ஆறுது" என்றாள். பிறகு அடுப்படிக்கு வந்து முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு அம்மா சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்டில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. திருச்சியில் ரத்தக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மா நூல் மில்லில் ஷிப்டுக்குப் போகிறாள். நான் வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் அப்பாவின் சாப்பாடும் மாத்திரையும் என் பொறுப்பு. காலையில் இரண்டு மாத்திரை. இரவு சாப்பிட்ட பிறகு சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கேப்சூல். கொழுப்புக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு என மூன்று மருந்தும் அந்த ஒரே கேப்சூலுக்குள் இருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று ஸ்பூன் எண்ணெய். வாரம் ஒரு முட்டை, மஞ்சள் கரு இல்லாமல், அதுவும் நேற்றோடு சரி. நவம்பரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு அறுபத்திரண்டு. "பேஷ். நடக்கலாம், மூட்டை மட்டும் தூக்காதீங்க. மாத்திரைய ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றார் டாக்டர்.

மருந்துக்கடையில் வாங்கி வைத்த மீன் எண்ணெய் உருண்டைகளை அப்பாவே எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டார்.

"முருகனுக்கு ஆகாதுல்ல. பூசம் முடியட்டும் மயிலு."

கேப்சூல் கொடுத்தேன்.

டிசம்பர் 17, புதன்

அவரைக்காய், ரசம், மோர். கேப்சூல் கொடுத்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

அட்டை தீர்ந்துவிட்டதால் மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துத்தான் போவேன். சீட்டை நீட்டினால் போதும், பேச வேண்டாம். கடையில் இருக்கும் சுதாகர் அண்ணன் எல்லோரிடமும் வாயடிப்பார்.

"என்னம்மா, உங்கப்பா மாலை போட்டிருக்காராமே. மீன் எண்ணெய் இனி வேணாமா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அத நிறுத்திப்புட்டு இத மட்டும் முழுங்குறாரா?" என்று கேப்சூல் அட்டையைத் தட்டிக் காட்டினார். "இந்த ஓடு எதுல செய்யிறாங்க தெரியுமா? மாட்டெலும்பு, மாட்டுத்தோலு. அதக் காய்ச்சி வடிச்சு எடுக்குறது. படிச்ச சாமிங்களுக்கே தெரியாது." சிரித்துக்கொண்டே காகித உறையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. மாலை போட்டு நான்கு நாள் ஆகிறது. மூன்று கேப்சூல் உள்ளே போய்விட்டது. மூன்றும் என் கையால் கொடுத்தது.

அந்த வேண்டுதல் என்னுடையது. அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ஆகஸ்டில் திருச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில், அப்பாவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியபோது, அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் சொன்னேன்: முருகா, அப்பாவை எனக்குக் கொடுத்துவிடு. நாற்பத்தெட்டு நாள், ஒரு துளி கவுச்சி நாக்கில் படாமல், அவர் உன்னிடம் நடந்து வருவார். தப்பினால் நீ எடுத்துக்கொள்.

கடைசி வார்த்தையை நான் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேண்டிக்கொண்டேன் என்று மட்டும்தான் பிறகு அம்மாவிடம் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லவில்லை.

இன்றும் கொடுத்தேன். நான்கு.

டிசம்பர் 20, சனி

இரவு மாத்திரை கொடுத்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

"மயிலு, கேப்சூல் மாதிரி இல்லையே?" என்று அப்பா உள்ளங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"மாத்திட்டாங்க சாமி."

"அப்படியா. வெள்ளையா சுண்ணாம்பாட்டம் இருக்கு." போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டார்.

அது சுண்ணாம்புதான். எலும்பு தேய்கிறது என்று அம்மாவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரை. கெடுதல் இல்லை. அட்டையின் பின்னால் படித்துப் பார்த்துவிட்டேன்.

அப்பாவிடம் உண்மையைச் சொன்னால், போன நான்கை நினைத்து உடைந்துபோவார். மாலையைக் கழற்றிவிடுவார். அம்மாவிடம் சொன்னால், "சாமியாவது பூதமாவது" என்று அந்தக் கேப்சூலையே வாயில் திணிப்பாள். இரண்டில் எது நடந்தாலும் நான் சொன்ன அந்த வார்த்தை சாமிக்கு ஞாபகம் வரும்.

நாற்பத்தைந்து நாள்கூட இல்லை. அதுவரை சாப்பாட்டால் பார்த்துக்கொள்ளலாம். கொழுப்பு என்பது சாப்பாட்டில் வருவதுதானே.

டிசம்பர் 25, வியாழன்

மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு செக்குக்குப் போனேன். அப்பா வேலை பார்ப்பது கரண்டில் ஓடும் மரச்செக்கு. கடலை, எள், தேங்காய் ஆட்டித் தருவார்கள். மூட்டை தூக்க இப்போது வேறு ஆள். அப்பா பதம் பார்ப்பதோடு சரி. எண்ணெய் இறங்கும்போது இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, மோந்து, நக்கிப் பார்ப்பார். "இது போன வருசத்துக் கடலை. சிக்கு வாடை தெரியுது பாருங்க" என்று கடலை கொண்டுவந்தவரிடமே சொல்வார். அப்பா நாக்கில் வைத்துப் பார்த்துச் சரி என்றால்தான் முதலாளி டின்னை மூடுவார்.

சாப்பாட்டில் எண்ணெய் இல்லை. அவித்த சுரைக்காய், கொள்ளு ரசம்.

"மூணு ஸ்பூனு உண்டுல்ல எனக்கு? அதுவும் போச்சா?" என்றார் அப்பா. "உங்கம்மா இருவது வருசமா எனக்குக் கொழுப்பு கொழுப்புன்னு திட்டுனா. இப்ப டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. மொத்த எண்ணெயையும் நிறுத்தச் சொன்னாரா, நீயா நிறுத்துனியா?"

"விரதந்தானே சாமி" என்றேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

செய்கிறவற்றை எழுதுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம். பிறகு ஓட்ஸ் கஞ்சி, உப்பில்லாமல். பதினொரு மணிக்கு ஆளி விதைப் பொடி மோரில். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சிய சாறு, மேல் வீட்டு அக்கா போனில் வந்த வீடியோவைக் காட்டிச் சொன்னது. பூண்டு சேர்க்கலாம் என்று அதில் இருந்தது, ஆனால் மாலை போட்ட வீட்டில் பூண்டு கூடாது. தேங்காய் கிடையாது. பால் ஒரு டம்ளர், ஆடை எடுத்தது.

அப்பா மெலிந்துவிட்டார். கன்னம் ஒட்டியிருக்கிறது. "விரதக் களை" என்று கோயிலில் எல்லோரும் சொன்னார்களாம்.

நானும் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அம்மா இரவு ஷிப்டில் இருப்பதால் யாருக்கும் தெரியாது.

கொடுக்காமல் ஒளித்து வைத்த கேப்சூல், கடுகு டப்பாவில் பத்து.

ஜனவரி 3, சனி

தண்ணீர்க் குழாயடியில் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தேன். குடத்தை விட்டுவிட்டுச் சந்துக்குள் ஓடி நின்றுகொண்டேன்.

நான் பத்தாவது ஆரம்பத்திலேயே நின்றுவிட்டேன். எழுந்து நின்று படிக்கச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த பாடமாகவே இருக்கும். ஆனால் தொண்டையில் ஏதோ ஒன்று வந்து அடைத்துக்கொள்ளும். பின்வரிசை சிரிக்கும். டீச்சர், "ஊமைக்கு அட்மிசன் யாரு குடுத்தது?" என்றார். ஜூலையில் ஒரு நாள் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

ஆகஸ்டில் அன்று காலை அப்பா எங்கே போய்விட்டு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. செக்கிலிருந்து வந்தார் என்றுதான் அம்மா டாக்டரிடம் சொன்னாள். அவர் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டிருக்கிறார். வெயிலில் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "பேசிட்டேன் தாயி" என்றார். அப்புறம் விழுந்தார்.

நான் ஒழுங்காகப் படித்திருந்தால் அவர் போயிருக்க வேண்டாம்.

ஜனவரி 8, வியாழன்

திருச்சிக்குப் போனோம். ரத்தம் கொடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். நேற்று இரவே ஒரு சின்னத் தாளில் எழுதி வைத்திருந்தேன்: "டாக்டர், அந்தக் கேப்சூல் இல்லாமல் தைப்பூசம் வரை இருக்க முடியுமா?" அதை அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். உள்ளங்கைக்குள் வைத்து வைத்து வியர்வையில் மை கரைந்துவிட்டது.

கெட்ட கொழுப்பு நூற்று நாற்பத்தொன்று.

டாக்டர் ரிசல்ட் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அறுபத்திரண்டுல இருந்தவருக்கு எப்படி? மாத்திரை போடுறீங்களா?"

"ஒரு நாள் விடல சார்" என்றாள் அம்மா. "எம்பொண்ணு கடிகாரம் பாத்துக் குடுக்கும்."

"அப்ப சாப்பாடுதான். வெளியில என்ன சாப்பிடுறீங்க? உண்மையச் சொல்லுங்க."

"மாலை போட்டிருக்கேன் சார்" என்றார் அப்பா. மாலையை எடுத்து வெளியே விட்டுக் காட்டினார்.

"மாலை போட்டவங்க பஜ்ஜி சாப்பிடலாமே" என்று டாக்டர் சொன்னதும், நர்ஸ் சிரித்தாள். அப்பாவும் சிரிப்பது மாதிரி செய்தார்.

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்தேன். அது தொண்டையில் வந்து அடைத்தது. இரண்டு நிமிடம்தான் இருக்கும். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இன்னும் கூடுதல் வீரியத்தில் அதே கேப்சூல் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஜனவரி 9, வெள்ளி

அம்மா காலை ஷிப்டு முடிந்து வந்ததும் ஆரம்பித்தாள்.

"சாமி வெளிய என்ன தின்னுச்சு?"

"ஒண்ணும் திங்கல தனம்."

"பஸ் ஸ்டாண்டுல வடை போடுறவனக் கேட்டா சொல்லப்போறான். முறுக்குக் கடைக்காரனுக்கு நம்ம செக்குலருந்துதான எண்ணெய் போகுது? சூடா நாலு குடுத்திருப்பான். சாமிக்கு வாயக் கட்ட முடியல."

"மாலை போட்டவனப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?"

"அப்ப கொழுப்பு ஆகாசத்துலருந்தா வந்துச்சு? இந்தப் புள்ள உப்பில்லாம எண்ணெயில்லாம ஆக்கிப் போட்டுக் கண்ணு குழிஞ்சு கெடக்கு. சாமி ஊரு மேஞ்சுட்டு வருது."

அப்பா வேட்டி நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"செக்குல எண்ணெய நக்கிப் பாக்குறேன்ல. ஒவ்வொரு ஆட்டுக்கும் ரெண்டு சொட்டு. ஒரு நாளைக்கு இருவது ஆட்டு ஓடும். நாப்பது சொட்டு ஆச்சு. நா அத எண்ணெயா நெனைக்கவே இல்ல தனம். அது வேலைன்னு நெனைச்சேன்."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அட கடவுளே, அதான். அதேதான்" என்றாள்.

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். காம்பு, இலை எல்லாவற்றையும் சேர்த்து உருவியிருக்கிறேன். நவம்பரிலும் அவர் நக்கித்தான் பார்த்தார். அப்போது அறுபத்திரண்டு. இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

டப்பாவில் இருபது.

ஜனவரி 12, திங்கள்

அப்பா இன்று வேலையை விட்டுவிட்டார்.

மூன்று நாள் நக்காமல் மோந்து மட்டும் பார்த்திருக்கிறார். நேற்று ஒரு டின் சிக்கெண்ணெய் முறுக்குக் கடைக்குப் போய்விட்டதாம். முதலாளி திட்டவில்லை, "உடம்பப் பாத்துக்க தங்கவேலு" என்றாராம். அப்பாதான் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"நாக்கு இல்லாம அங்க நின்னு என்ன செய்ய?" என்றார். "உசுரு முக்கியம்ல மயிலு. உனக்கு ஒரு வழி பண்ணுற வரைக்குமாவது இருக்கணும்ல."

நான் தலையாட்டினேன்.

பதினெட்டு வருடம் அந்தச் செக்கில் நின்றிருக்கிறார். மதியம் முழுக்கக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நெய் இல்லை, முந்திரி இல்லை. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கு என்றார்.

ஜனவரி 19, திங்கள்

கோயிலிலிருந்து வரும்போது மேட்டில் இரண்டு தடவை நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்ன சாமி?"

"வாயு. கொள்ளுத் தண்ணி ஒத்துக்கல போல. அம்மாகிட்டச் சொல்லாத."

இரவு ஒரு கேப்சூலைத் திருகித் திறந்தேன். பொடி இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே குட்டிக் குட்டியாக மாத்திரைகள் இருந்தன, நிறம் நிறமாக. ஓட்டைத் தூரப் போட்டுவிட்டு இவற்றை மட்டும் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் இத்தனை நாளும் அந்த ஓட்டுக்குள்ளேதானே கிடந்தன. கறிக்குழம்புச் சட்டியில் கிடந்த உருளைக்கிழங்கைத் தனியாக எடுத்து வைத்தால் அது சைவம் ஆகிவிடுமா?

யாரையாவது கேட்க வேண்டும். யாரை? மருந்துக்கடை அண்ணனைக் கேட்டால் ஊருக்கே சொல்வார். குருசாமியைக் கேட்டால் அப்பாவின் மாலையைக் கழற்றச் சொல்வார். டாக்டரைக் கேட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

திரும்ப ஓட்டுக்குள் போட்டு மூடினேன். மூடும்போது ஒரு மாத்திரை அடுப்படிக்குக் கீழே உருண்டுவிட்டது. தேடிக் கிடைக்கவில்லை.

பதின்மூன்று நாள். முருகா, பதின்மூன்றே நாள்.

ஜனவரி 22, வியாழன்

இன்னும் பத்து நாள்.

ஜனவரி 24, சனி

திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். அதே வராந்தா.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு அப்பா குளித்துவிட்டு வந்தார். துண்டைக் கொடியில் போடக் கையைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். "மயிலு, நாற்காலி" என்றார். நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவதற்குள் தரையில் இருந்தார். மேல் வீட்டு அக்கா 108க்குப் போன் செய்தாள். மணப்பாறை ஆஸ்பத்திரியில் ஒரு படம் எடுத்துவிட்டு, உடனே திருச்சிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் மாலையைக் கத்தரித்து என் கையில் கொடுத்தார்கள். மணிகள் சிதறின.

ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. நேற்றே அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இதயம் பலவீனமாக இருக்கிறதாம்.

இன்று பத்து மணிக்கு டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா எடுத்தும் அடைச்சிருக்குன்னா, அந்த மருந்து இவருக்கு வேலை செய்யலைன்னுதான் அர்த்தம். இனி அத நம்ப முடியாது. பைபாஸ் பண்ணிடலாம்னு பாக்குறோம். நெஞ்சைத் திறந்து பண்ணுற ஆபரேஷன். இப்ப இதயம் இருக்குற நிலைமைக்கு ரிஸ்க் இருக்கு. வேற வழி தெரியல."

அம்மா, "நீங்க பாத்துச் செய்யுங்க சார்" என்று பேனாவை வாங்கினாள். மில்லில் சம்பளப் பதிவில் போடுவது மாதிரி கையெழுத்துக்காகக் குனிந்தாள்.

தொண்டையில் அது வந்துவிட்டது. எச்சிலை விழுங்கினேன், போகவில்லை. அம்மா 'த' போட்டுவிட்டாள். நான் காகிதத்தின் மேல் கையை வைத்தேன்.

"ஏய், என்னடி?"

"குடுக்கல" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"கேப்சூல். நாந்தான் குடுக்கல."

"எத்தனை நாள்?"

"முப்பத்தி நாலு."

"எந்தக் கேப்சூல்? ராத்திரி போடுறதா? ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று தெரியவில்லை. மாட்டெலும்பு, வேண்டுதல், சுண்ணாம்பு மாத்திரை. பாதியில் அழுகை வந்து, அழுதுகொண்டே சொன்னேன். டாக்டர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மூணும் தனித்தனி மாத்திரையா இருக்கும்மா. ஓடு கிடையாது. சைவம் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அன்னைக்கே அப்படி எழுதிக் குடுத்திருப்பேன். எத்தனையோ பேருக்கு எழுதுறேன்."

பிறகு அந்தக் காகிதத்தை அம்மா கையிலிருந்து எடுத்துக்கொண்டார். மருந்து போடாமல் அடைத்தது வேறு, போட்டும் அடைத்தது வேறு என்றார். ஆபரேஷன் இப்போது வேண்டாம், மருந்தைத் திரும்பத் தொடங்கிப் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் அம்மா என்னை அறைவாள் என்று நின்றேன். அறையவில்லை. என்னைத் தாண்டிப் போய் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.

ஜனவரி 26, திங்கள்

அம்மா இன்னும் பேசவில்லை. இட்லிப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகிறாள். சாப்பிட்டேனா என்று தூரத்திலிருந்து பார்க்கிறாள்.

ஜனவரி 27, செவ்வாய்

குருசாமி பார்க்க வந்தார். நாளைக்கு நடைபயணம் கிளம்புகிறார்கள். அம்மா அவரிடம், "சாமி, மருந்து ஓட்டுல மாட்டெலும்பு இருந்தா விரதத்துக்குக் குத்தமா?" என்று கேட்டாள். என்னைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"இதென்னம்மா கேள்வி? நோயாளிக்கு மருந்துல என்ன குத்தம்? நா சுகர்காரன். தெனம் ஊசி போட்டுக்கிட்டுத்தான் பன்னெண்டு வருசமா நடக்குறேன். அது எதுலருந்து எடுத்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல."

நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். கேட்டிருந்தால் யாரிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். இந்நேரம் அவர்கள் மலை ஏறியிருப்பார்கள்.

அப்பாவை நேற்று வார்டுக்கு மாற்றினார்கள். இதயம் முன்பு வேலை செய்ததில் பாதிதான் இப்போது செய்கிறதாம். இனி மேட்டில் ஏறக் கூடாது. பழனி வரை என்ன, கோயில் வரைகூட நடக்க முடியுமா தெரியாது.

அம்மா அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள் என்று புரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று சொன்னேன்.

"பக்கத்துல வா. கேக்கல" என்றார். பக்கத்தில் போய் முதலிலிருந்து சொன்னேன்.

மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப எண்ணெயால இல்ல."

"இல்லப்பா."

"நா சாவியக் குடுத்துட்டு வந்தேனே. உங்கிட்டச் சொன்னேனே."

"ஆமாப்பா."

"பாத்துக்கிட்டே இருந்தியா?"

"ஆமாப்பா."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அப்படியே நின்றேன். ஒரு மணி நேரம் இருக்கும். அம்மா டீ வாங்கக் கீழே போன பிறகு மறுபடி சொன்னேன், அவர் முதுகைப் பார்த்து.

"ஆகஸ்டுலயும் என்னாலதான். ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்துதான் விழுந்தீங்க."

"யாரு சொன்னா?" என்று திரும்பினார். "அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நெஞ்சு அழுத்திச்சு. மூட்ட தூக்குறப்பல்லாம். நாந்தான் சொல்லல. சொன்னா உங்கம்மா ஆஸ்பத்திரின்னு கெளம்புவா, வேல கெட்டுப்போகும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்." மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுச் சொன்னார். "இந்த ஊமத்தனம் எங்கிட்டருந்துதான் உனக்கு வந்திருக்கு போல."

எனக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"மாட்டெலும்புன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா முழுங்கியிருப்பீங்களா?"

அப்பா யோசித்தார். பொய் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"மாட்டேன். முழுங்கியிருக்க மாட்டேன்." பிறகு, "ஆனா உங்கம்மா விட்டிருப்பாளா? தெருவக் கூட்டியிருப்பா. காதப் புடிச்சு டாக்டர்கிட்ட இழுத்துட்டு வந்திருப்பா" என்றார். சிரிக்கப் பார்த்தார், நெஞ்சு வலித்து நிறுத்திக்கொண்டார்.

எட்டு மணிக்கு நர்ஸ் ஒரு சின்ன மூடியில் மாத்திரைகளைக் கொண்டுவந்து, "பொண்ணுகிட்டயே குடுத்துரவா?" என்று கேட்டாள். அப்பா அந்த மூடியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினார்.

"இது எதுக்கு?"

"கொழுப்புக்கு" என்றேன். மெதுவாகத்தான் வந்தது.

"இது?"

"ரத்தம் உறையாம இருக்க. அந்த மஞ்சளும் அதுக்குத்தான்."

"இத விட்டா என்னாகும்?"

வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"கேக்கல மயிலு. விட்டா என்னாகும்?"

"செத்துப்போயிருவீங்கப்பா."

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா தண்ணீர் கேட்டார்.